உறங்கும் முன் ஒரு கடமை

2024 டிசம்பரில், கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவன் வண்டியொன்றில் இருவர் உயிரற்றுக் கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு, வண்டியின் அடித்தளத் துளை வழியே உள்ளே புகுந்ததாகப் பின்னர் ஆய்வில் தெரியவந்தது.

இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். உறங்குபவரை எழுப்பாமலேயே உயிரைக் கவர்ந்துவிடும்.

குடும்பத்தோடு தலயாத்திரை செல்வோர் வண்டியிலேயே இரவைக் கழிப்பதுண்டு. எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு அவர்கள் உறங்கலாகாது. குளிருக்கு அஞ்சி உள்ளே அடுப்போ கரியோ மூட்டலாகாது. சன்னலைச் சிறிது திறந்துவைத்தால் போதும் என்று எண்ணுவதும் தவறு. இவ்வாயுவைக் கண்டறிந்து ஒலியெழுப்பும் கருவியைப் பொருத்துவது நலம். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஒருவருக்குத் தோன்றினாலும், அனைவரும் உடனே திறந்தவெளிக்கு வந்து 108-ஐ அழைத்தல் வேண்டும்.

வேள்வித் தீ வளர்க்கும் யாகசாலையை நாற்புறமும் காற்றோட்டமாக அமைப்பது நம் மரபு. திருநீறணிந்து இறைவனை நினைத்துத் துயில்வோர், அதற்குமுன் எஞ்சின் அணைந்துள்ளதா என்றும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். அவன் தந்த உயிரைப் பேணுவதும் அவனுக்குச் செய்யும் தொண்டே.