மாடி ஏறாத வைஃபை

"ஜன்னல் கம்பியையே தின்னுது உப்புக் காத்து. இந்த சிக்னலை மட்டும் விட்டுவைக்குமா?" என்று நியாயம் பேசினார் மரக்காணத்து அம்மாள் ஒருவர். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், பாத்தி பாத்தியாக உப்பளங்கள் பளபளக்கும் ஊர் அது. அங்கே ஆணியும் கீலும் சீக்கிரமே துருவேறிவிடுவது வாஸ்தவந்தான். ஆனால் வைஃபை விஷயத்தில் காற்று நிரபராதி. குற்றவாளி தலைக்கு மேலேயே இருக்கிறான்: கம்பி கட்டிய கான்கிரீட் தளம்!

அந்த வீட்டில் இது சினிமா பார்க்கிற சங்கதி அல்ல. மருமகள் மாடி அறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துவிடும். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தால் அங்கே டெலிவிஷன், வருவோர் போவோர், குழந்தையின் அழுகை. "இத்தனை அவஸ்தைப்பட்டு அந்த உத்தியோகம் எதுக்கும்மா?" என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. உத்தியோகத்தை விடுவதற்கு முன்னால் ரவுட்டரை நகர்த்திப் பார்க்கலாமே!

ரேடியோ அலை சுவரைத் தாண்டுவது புதிதல்ல. 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ் அனுப்பிய அலை, சுவர்களைக் கடந்து போய் மணியடித்து, வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. செங்கல்லும் மரமும் ஓரளவு வழிவிடும். இரும்போ அலையைத் திருப்பியடிக்கும். தண்ணீர் அதைக் குடித்துவிடும். ஆகவே இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி இவற்றின் பக்கத்தில் ரவுட்டர் கூடாது.

முதலில் ஒரு பரீட்சை. ரவுட்டருக்கு அருகில் நின்று போனில் வேகம் பாருங்கள். அங்கேயே மந்தமென்றால் மாடியைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பெனிக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். கீழே நன்றாயிருந்து மேலே மட்டும் சோர்ந்தால், மேற்கொண்டு படியுங்கள்.

இணைப்புக் கொடுக்க வந்த ஆசாமி வாசலோரம் எங்கே ஆணி அடித்தாரோ, அதுவே ரவுட்டரின் நிரந்தர வாசஸ்தலமாகிவிடுகிறது. பல வீடுகளில் டெலிவிஷனுக்குப் பின்னால் அது மூச்சுத் திணறிக் கிடக்கும். (அழகு கெடுகிறதென்று அலமாரிக்குள் பூட்டி வைப்பவர்களும் உண்டு!) அதை மாடிப்படியின் அருகே, உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். படிக்கட்டின் திறப்பில் தளம் கிடையாது. அலைக்கு அதுதான் ராஜபாட்டை. ஆன்டெனாக் குச்சியிலிருந்து அலை பக்கவாட்டில்தான் பரவும், நுனி வழியாக அதிகம் போகாது. எல்லாக் குச்சிகளையும் நெட்டுக்குத்தாக நிறுத்தாமல் ஒன்றைப் படுக்கையாகச் சாய்த்தால் மேல்தளத்துக்கும் பங்கு கிடைக்கும்.

பெரும்பாலான ரவுட்டர்களில் 2.4, 5 என்று இரண்டு கிகாஹெர்ட்ஸ் உண்டு. 5-க்கு ஓட்டம் அதிகம், தடையைத் தாண்டுவதில் நோஞ்சான். 2.4-ன் அலை நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். மெதுவானாலும் மாடி ஏறும். மேலே அதையே தேர்ந்தெடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு அதே அலைவரிசைக்காரன், ஆகையால் அது ஓடும்போது 2.4 கொஞ்சம் தள்ளாடும்.

இதற்கும் மசியவில்லையா? சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் 'ரிப்பீட்டர்' கடைகளில் கிடைக்கிறது. அதைச் சிக்னலே வராத அறையில் மாட்டுகிறவர்கள்தான் அதிகம். இல்லாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்ட வேண்டும். அப்படியும் வேகம் பாதியாகக் குறையக்கூடும்.

தினசரி உத்தியோகத்துக்கு நம்பகமானது ஒயர்தான். கீழே ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஈதர்நெட் கேபிள் இழுத்து, அங்கே ஓர் 'ஆக்சஸ் பாயின்ட்' வைத்துவிட்டால் தளத்தின் அட்டகாசம் செல்லாது. இந்த ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். உப்புக் காற்று தன் கைவரிசையைக் காட்டுவது இங்கேதான்: இணைப்பு முனைகள் வெளியில் இருந்தால் களிம்பேறிவிடும். முனை இரண்டும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அசல் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியும் விற்கிறார்கள். ஒயரை வீட்டுக்கு உள்ளேயே கொண்டுபோவது உத்தமம். வெளியே போய்த்தான் ஆகவேண்டுமென்றால் வெயில் தாங்கும் ரகமாக வாங்கி, சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் சற்றுக் கீழ்நோக்கிச் சரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழை அந்த வழியாகவே அறைக்குள் வந்துவிடும்.