ரத்தம் குடுக்க வந்தனாங்கள்

டிசம்பர் 1 வந்தால் எங்கட பீடத்தில் ஒரு பனர் தொங்கும். ஒரு சிவப்பு ரிப்பன், அதற்குக் கீழே "எயிட்ஸ் அற்ற சமுதாயம் படைப்போம்". போன வருசமும் தொங்கியது. ஒரு மணித்தியாலக் கருத்தரங்கு, முடிவில் பணிசும் நெஸ்கபேயும். பேச வந்தவர் நல்லாத்தான் தொடங்கினார். முடிக்கும்போது மட்டும், "ஒருவனுக்கு ஒருத்தி எண்டு வாழ்ந்தால் இந்த நோய் கிட்டவும் வராது பிள்ளையள்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

வெளியில் வந்து மரத்தடியில் இருந்து பணிஸ் சாப்பிடும்போது எங்களில் ஒருத்தன் கேட்டான்: "எங்களில ஆராவது எப்பவாவது செக் பண்ணிப் பாத்திருக்கிறமா?" ஒருத்தரும் இல்லை. மூன்று பேர் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

முடிவெடுத்து, போய்ச்சேர இரண்டு கிழமை எடுத்தது. ஊசிக்குப் பயமில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் கிளினிக் வாசலில் யார் எங்களைக் காண்பார்கள் என்பதுதான் பயம்.

"சொந்தக்காரர் ஆரும் கண்டா என்ன சொல்லுறது?"

"ரத்தம் குடுக்க வந்தனாங்கள் எண்டு சொல்லுவம்."

"அப்ப உண்மையா ரத்தத்தையே குடுப்பமே. அவையள் எப்பிடியும் செக் பண்ணுவினம்தானே?"

கெட்டித்தனமான யோசனை மாதிரித்தான் அப்போது பட்டது. பிறகு வைத்தியர் விளங்கப்படுத்தினார். தானம் செய்யும் குருதி எல்லாம் பரிசோதிக்கப்படுவது உண்மை. ஆனால் தொற்றிய முதல் நாட்களில் எந்தப் பரிசோதனைக்கும் எச்.ஐ.வி பிடிபடாத ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் ஒருவர் கொடுக்கும் ரத்தம் வேறொருவரின் உடலுக்குள் போகலாம். வெட்கத்துக்குப் பயந்து நாங்கள் செய்ய இருந்த காரியம், முன்பின் தெரியாத ஒரு நோயாளிக்கு ஆபத்தாக முடிந்திருக்கும்.

கிளினிக் கதவை இரண்டு தரம் கடந்து போய்த் திரும்பி வந்தோம். மூன்றாம் தரம் ஒரு தாதி எட்டிப் பார்த்து, "உள்ள வாங்கோ பிள்ளையள், ஏன் வெயிலுக்க நிக்கிறியள்?" என்றார். கடிதம் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. ஒரு இலக்கம் தந்தார்கள். வைத்தியர் கேள்விகள் கேட்டபோது அவருடைய முகம் மாறவே இல்லை. எங்கட முகம்தான் மாறியது. சிபிலிசுக்கும் சேர்த்து ரத்தம் எடுத்துவிட்டு, ஒரு கிழமை கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த ஒரு கிழமை நாங்கள் நித்திரை கொண்டது குறைவு. ஆபத்தான எதையும் செய்யாதவன்கூடக் கொள்ளவில்லை. அப்போதுதான் இதைப் பற்றி எங்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று உறைத்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்த அன்று, "இதை வீட்ட போய் வாசியுங்கோ" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டியவர்களிடம்தான் நாங்கள் படித்தோம். வீட்டில் வாசிக்கவும் இல்லை.

ஆகவே இப்போது வாசித்ததைச் சொல்கிறோம். எச்.ஐ.வி என்பது ஒரு வைரஸ். எயிட்ஸ் என்பது அந்த வைரசுக்குச் சிகிச்சை எடுக்காமல் விட்டால் பல வருடங்கள் கழித்து உடல் போய்ச்சேரும் நிலை. இரண்டும் ஒன்றில்லை. இந்த வைரஸ் தாக்குவது சீடி4 என்ற வெண்குருதிக் கலங்களை. சுகமாக உள்ள ஒருவரின் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் அவை பொதுவாக 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால், அல்லது பலவீனமான உடலில் மட்டும் பிடிக்கும் சில நோய்கள் வந்தால், அதை எயிட்ஸ் என்கிறார்கள். அந்த நிலைக்கு வர எட்டு, பத்து வருடங்கள்கூட எடுக்கலாம். அதுவரை ஆள் பார்வைக்கு எங்களைப் போலவே இருப்பார்.

பரவும் வழிகள் சில மட்டும்தான்: பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள குருதி, ஒருவர் பாவித்த ஊசியை இன்னொருவர் பாவிப்பது, கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து பிள்ளைக்கு. எச்சில், வியர்வை, நுளம்பு, ஒரே கோப்பை, ஒரே கழிவறை, கட்டிப்பிடிப்பது, இவை ஒன்றாலும் பரவாது.

இது யாருடைய பாவத்துக்கும் கிடைத்த தண்டனையும் இல்லை. மத்திய ஆபிரிக்காவில் சிம்பன்சிகளிடம் இருந்த ஒரு வைரஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதருக்குத் தாவியது. வேட்டையாடி இறைச்சி வெட்டும்போது ரத்தம் பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1981இல் அமெரிக்காவில் இந்த நோய் முதலில் பதிவானது. 1983இல் பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. 1987இல் முதல் மருந்து. 1996 அளவில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தபிறகு, சாவுக்கு நாள் குறித்திருந்தவர்கள் எழும்பி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள்.

இன்று பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு ஒரு குளிசை. வைரசை முற்றாக அழிக்காது, ஆனால் அடக்கி வைக்கும். ஒழுங்காகக் குளிசை எடுத்து, குருதியில் வைரஸ் தென்படாத மட்டத்துக்கு வந்த ஒருவரிடமிருந்து உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள நூற்றுக்கணக்கான சோடிகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆணுறை இல்லாமல் சேர்ந்திருந்தும், குளிசை எடுக்கும் துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. தொற்றியிருக்கலாம் என்று பயந்தால், 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்கும் தடுப்பு மருந்தும் இருக்கிறது. இதில் ஒன்றையாவது அந்தக் கருத்தரங்கில் நாங்கள் கேட்கவில்லை.

இலங்கையில் இந்தச் சிகிச்சை இலவசம். வயது வந்தவர்களில் 0.1 வீதத்துக்கும் குறைவானவர்களுக்கே தொற்று உள்ள நாடு இது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணித் தாய்மாரை ஊர் ஊராகத் தேடிப்போய் ரத்தம் எடுத்த மருத்துவமாதுகளின் உழைப்பு அது. ஒருவரும் அந்தத் தாய்மாரிடம் ஒழுக்கம் பற்றிக் கேட்கவில்லை. எல்லாருக்கும் எடுக்கிறோம், உங்களுக்கும் எடுக்கிறோம், அவ்வளவுதான். அதனால்தான் அது சரிவந்தது.

மற்ற எல்லாருக்கும் நாங்கள் செய்வது இதற்கு எதிர்மாறு. "ஒருவனுக்கு ஒருத்தி" என்று சொன்னவுடனேயே பரிசோதனை ஒரு குற்ற ஒப்புதலாக மாறிவிடுகிறது. செக் பண்ணப் போகிறவர் ஏதோ செய்துவிட்டுத்தான் போகிறார் என்று ஆகிறது. புருசனைத் தவிர வேறொருவரையும் அறியாத, ஆனால் புருசனிடமிருந்தே தொற்றைப் பெற்ற ஒரு பெண் அந்தச் சுலோகத்தில் எங்கே நிற்கிறாள்? தனக்கு அது வராது என்று நம்பியே அவள் கடைசியாகத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாள். ஆணோடு உறவு வைக்கும் ஆணுக்கு இன்னும் கஷ்டம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் அவனைக் குற்றவாளி என்கின்றன. வைத்தியரிடம் அவன் எப்படி வாய் திறப்பான்?

2016இல் குளியாப்பிட்டியில் நடந்தது நினைவிருக்கிறதா? தகப்பன் எயிட்ஸில் செத்தார் என்ற கதை பரவ, ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லாமல் போனது. சேர்த்தபோது மற்றப் பெற்றோர் தங்கட பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். அந்தப் பிள்ளைக்குத் தொற்றே இருக்கவில்லை. கடைசியில் கண்டியில் ஒரு பாடசாலை ஏற்றுக்கொண்டது. "பாவம், தொற்று இல்லாத பிள்ளையை இப்படிச் செய்துவிட்டார்களே" என்று நாங்களும் அப்போது சொன்னோம். தொற்று இருந்திருந்தால் சரியா? அப்போதும் அந்தப் பிள்ளைக்கு வாங்கில் ஒரு இடம் இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அதனால்தான் எங்கட பரிசோதனை முடிவு என்ன என்று இங்கே எழுதவில்லை. "எங்களுக்கு இல்லை" என்று எழுதக்கூடியவருக்கு எழுதக் கை துருதுருக்கும். இருக்கிறவரால் எழுத முடியாது. முடிவு எதுவாக இருந்தாலும் அது எங்களுக்கும் அந்த வைத்தியருக்கும் இடையிலான விசயம்.

அடுத்த டிசம்பரும் பனர் கட்டத்தான் போகிறார்கள். கட்டட்டும். அதில் கிளினிக் எங்கே இருக்கு, எத்தனை மணிக்குத் திறக்கும், கடிதம் தேவையில்லை, காசு தேவையில்லை என்று நாலு வரி போடுங்கோ. பேச வருகிறவர் குளிசையைப் பற்றியும் ஆணுறையைப் பற்றியும் பேசட்டும். ஒழுக்கம் பற்றிப் பேச வேறு நாட்கள் நிறைய இருக்கின்றன.

நாங்கள் மூன்று பேரும் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் எங்கட அம்மாமாருக்குத் தெரியவரும். அன்றைக்கு ரத்தம் குடுக்கப் போகேல்லை அம்மா, செக் பண்ணத்தான் போனனாங்கள்.