டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர்!

தேனி மாவட்டத்தில் விற்பனைக்கு வருகிற பழைய கார் எல்லாமே டாக்டர் வண்டிதான். சந்தேகம் இருந்தால் எந்த புரோக்கரையும் கேட்டுப் பாருங்கள். “டாக்டர் வச்சிருந்த வண்டி தம்பி. வீட்ல இருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரில இருந்து வீடு. அவ்ளோதான் ஓட்டம்!” என்பார். இந்தக் கணக்குப்படி பார்த்தால் உத்தமபாளையம் தாலுகாவில் நோயாளிகளைவிட டாக்டர்கள் ஜாஸ்தி.

நம் இளைஞர்கள் தேடுவது பெரும்பாலும் டிக்கி வைத்த காராக இருக்கிறது. வேலையில் சேர்ந்து நாலு வருஷம் ஆகிவிட்டது, கையில் இரண்டு, இரண்டரை லட்சம் சேர்ந்திருக்கிறது, வீட்டில் கல்யாணப் பேச்சும் ஆரம்பித்தாகிவிட்டது. பெண் வீட்டு வாசலில் போய் இறங்கும்போது பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டு நின்றால் ஒரு கெத்துதான், மறுப்பதற்கில்லை. மாமனார் சின்னமனூர்க்காரராக அமைந்துவிட்டால் திரும்பி வரும்போது ஒரு வாழைத்தாரும் நிச்சயம். அதை எங்கே வைப்பது?

ஒரு காலத்தில் இந்த ஆசைக்கு அம்பாஸடரையும் ஃபியட்டையும் விட்டால் வேறு வழி இல்லை. 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் வேலை நிற்கும்வரை அம்பாஸடர் வந்துகொண்டிருந்தது. அதில் எந்தக் கோளாறு வந்தாலும் ஒரு ஸ்பானர், ஒரு சுத்தியல், கொஞ்சம் கெட்ட வார்த்தை போதும், ஓடிவிடும். இப்போது கையில் சிக்குவது 2007-ல் நின்றுபோன எஸ்டீம், 2013-ல் நின்றுபோன ஆக்ஸன்ட், 2008-ல் வர ஆரம்பித்த டிசையரின் முதல் பேட்ச்கள். எல்லாம் நல்ல வண்டிகள்தான். ஆனால் வயதானவை. மனிதர்களுக்கு நாற்பதுக்கு மேல் வருவதெல்லாம் கார்களுக்குப் பத்துக்கு மேல் வரும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தேனியில் கிளம்பி வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று லோயர் கேம்ப் வரை சாலை சமதரை. இருபுறமும் தென்னையும் திராட்சைப் பந்தலும் பார்த்துக்கொண்டே போகலாம். எப்பேர்ப்பட்ட ஓட்டை வண்டியும் இதில் ராஜா மாதிரி போகும். லோயர் கேம்ப் தாண்டினால் குமுளி மலை, சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. போடிப் பக்கம் போனால் போடிமெட்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவு. கீழே ஒளிந்துகொண்டிருந்த கோளாறெல்லாம் அங்கேதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். சென்னையிலிருந்து வந்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அது அதுவரை ஏறிய பெரிய மலை ஜெமினி மேம்பாலம்!

முதலில் வருவது சூடு. மலையில் வண்டி இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறுகிறது. இன்ஜினுக்கு வேலை அதிகம், ஆனால் வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டரில் மோதுகிற காற்று கம்மி. பழைய ரேடியேட்டரில் பாதிக் குழாய் உப்பு படிந்து அடைத்திருக்கும். காரணம், முந்தைய ஓனர்கள் (டாக்டர் உள்பட) கூலன்டுக்குக் காசு செலவழிக்க மனசில்லாமல் போர் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். வாட்டர் பம்ப் லேசாக ஒழுகும். ரேடியேட்டர் மூடியில் இருக்கிற ரப்பர் காய்ந்துபோயிருக்கும். அந்த மூடி ஏதோ சொம்பு மூடி என்று நினைக்காதீர்கள். அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி போனால் கொதி சீக்கிரம். சில நூறு ரூபாய் சாமான், மாற்றுவதில்லை.

டெம்பரேச்சர் முள் மேலே ஏறுவதைப் பார்த்தும் “இன்னும் ரெண்டு வளைவுதானே மாப்ளே, போயிடலாம்” என்று மிதிக்கிறவர்கள் உண்டு. அந்த இரண்டு வளைவின் விலை ஹெட் கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து, மறுபடி பூட்டுவதற்குப் பதினைந்து, இருபதாயிரம் சுலபமாக ஆகும். ரேடியேட்டர் புதிதாகப் போட்டாலே நாலைந்தாயிரத்தில் முடிந்திருக்கும். முள் ஏறினால் ஓரமாக நிறுத்துங்கள். ஏ.சி.யை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து வைத்து, குரங்குகளை வேடிக்கை பாருங்கள். மூடியை மட்டும் சூட்டோடு தொடாதீர்கள். முகம் வெந்துவிடும்.

ஏறுவதாவது பரவாயில்லை, நின்றால் நின்றதுதான். இறங்குவதுதான் பயம்.

2022 டிசம்பரில் சபரிமலைக்குப் போய்விட்டுத் திரும்பிய ஆண்டிப்பட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்களின் வண்டி குமுளி மலைப் பாதையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்துபோனார்கள். அதன் காரணத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்தப் பாதையில் இறங்கும்போது யோசிக்காமல் இருக்க முடிவதில்லை, அவ்வளவுதான்.

பிரேக் ஆயில் என்கிறோமே, அது நிஜத்தில் ஆயிலே இல்லை. காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற ஒரு திரவம். டாட் 3 வகையை எடுத்துக்கொண்டால், புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 140-லேயே கொதிக்கலாம். மலையிறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சக்கரத்தில் ஏறுகிற சூட்டுக்கு 140 எல்லாம் ஒரு கணக்கே இல்லை. திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும். பெடலை மிதித்தால் பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே போகும். வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இந்தத் திரவத்தை முழுசாக மாற்ற வேண்டும். கூலியோடு ஐந்நூறிலிருந்து ஆயிரத்துக்குள்தான் வரும். பழைய கார்களில் பெரும்பாலும் அது கறுப்புக் காப்பி நிறத்தில், பரம்பரைச் சொத்து போல, ஓனர் மாறி ஓனர் வந்துகொண்டிருக்கும்.

இன்னொரு கூத்து. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற புத்திசாலிகள்! கார்புரேட்டர் காலத்து வியாதி இது. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டரே எரிபொருளை நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எண்ணெய் குடிக்கும். ஆக, உயிருக்கும் நஷ்டம், பெட்ரோலுக்கும் நஷ்டம். சாவியையே அணைத்துவிடுகிற மகானுபாவர்களும் உண்டு. அணைத்தால் நாலைந்து மிதிக்குள் பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்துபோகும், பெடல் கல்லாகிவிடும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று ஜீப் டிரைவர்கள் சொல்வார்கள். விடிகாலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். பிரேக், கிளட்ச் வேலைக்கு என்னைக் கேட்டால் நான் போடி மெக்கானிக்கைத்தான் சொல்வேன். பெயின்டும் சீட் கவரும் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளட்ச் என்றதும் கார்த்திகை, மார்கழி ஞாபகம் வருகிறது. ஐயப்ப சீசனில் கூட்டத்தைச் சமாளிக்கப் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும், திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் விடுவது போலீஸார் வழக்கம். முன்னால் ஆந்திரா பஸ், பின்னால் கர்நாடகா வேன், நடுவில் ஏற்றத்தில் நம் டாக்டர் வண்டி. ஹேண்ட் பிரேக் பிடிக்காது. அரை கிளட்சில் நிறுத்தி வைத்திருப்பார்கள். பத்து நிமிஷத்தில் கருகல் வாடை வரும். “யாரோ டயர எரிக்கிறாங்க போலண்ணே!” எரிவது டயர் இல்லை தம்பி, உங்கள் ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் வரை. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. (பெட்ரோல் வண்டிக்குச் சொன்னேன். டீசலுக்கு இன்னும் மேலே.)

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஓர் அரை நாள் லீவு போடுங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் பால் காப்பி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கலாம். மெக்கானிக் பார்த்துச் சொல்கிறவரை கையில் காசை எடுக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் வருஷத்து 23-வது வாரம். மேலே பட்டன் இருந்தாலும் ஆறேழு வயதான டயர் மலைக்கு வேண்டாம். நாலும் மாற்றப் பதினைந்தாயிரத்துக்குக் குறையாது, அதை விலையில் கழியுங்கள். பெல்ட் வைத்த இன்ஜினா, செயின் வைத்ததா என்று கேளுங்கள். டிசையர் டீசலில் செயின், பிழைத்தீர்கள். ஆக்ஸன்ட் பெட்ரோலில் பெல்ட். எப்போது மாற்றியது என்று பில் காட்டச் சொல்லுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அறுந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

அப்புறம் புரோக்கரிடம், “அண்ணே, குமுளி வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துரலாமா?” என்று கேளுங்கள். முகத்தைக் கவனியுங்கள். “எதுக்குத் தம்பி வீணா டீசல்? பைபாஸ்ல ஓட்டிப் பாருங்க, பறக்கும்!” என்றால் கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடலாம். வந்தாரென்றால், மேலே போனதும் இன்ஜினை அணைக்காமல் ஐந்து நிமிஷம் நிறுத்தி முள்ளைப் பாருங்கள். இறங்கும்போது பெடல் கீழே இறங்குகிறதா, ஸ்டேரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, பள்ளத்தில் ‘டக்கு டக்கு’ என்று கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் வகையறா. இரண்டாயிரத்திலிருந்து ஐந்தாயிரம். பேரத்துக்கு நல்ல துருப்பு.

நான் சொல்கிற தொகையெல்லாம் சாமானின் தரத்தையும் பட்டறையையும் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். ஆனால் இரண்டு லட்சத்துக்கு வண்டி வாங்குகிறவர் தனியாக முப்பது, நாற்பதாயிரம் எடுத்து வைக்காமல் வாங்கக் கூடாது என்பதில் மாற்றம் இல்லை. அந்தப் பணம் முதலில் பிரேக்குக்கு, பிறகு ரேடியேட்டருக்கு, பிறகு டயருக்கு. மிச்சம் இருந்தால் ஸ்பீக்கர். நம்மவர்கள் ஸ்பீக்கரில் ஆரம்பிக்கிறார்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் தேதியையும் பார்த்துவிடுங்கள். சொந்த உபயோக காருக்குப் பதிவு பதினைந்து வருஷம்தான். அதன் பிறகு புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது. இருபது வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. பதினாலரை வயதில் ஒரு வண்டி திடீரென்று மலிவாக வந்தால், டாக்டர் எதற்கு விற்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

தென்னந்தோப்பில் நிறுத்துகிற வண்டியில் எலி ஒயரைக் கடிப்பது பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். அது அடுத்த வாரம்.