திரைப்பின்னணி இசையும் தமிழாய்வின் பாராமுகமும்

திரையிசை குறித்துத் தமிழ்த்துறைகளில் நிகழ்ந்துள்ள ஆய்வுகளைத் தொகுத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை திரைப்பாடல் ஆய்வுகளே அன்றித் திரையிசை ஆய்வுகள் அல்ல. பாடலாசிரியர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர்தம் பாடல்களில் உவமை, உருவகம், சமுதாய நோக்கு, சங்க இலக்கியச் செல்வாக்கு என இயல் பகுத்து முடித்துவிடுவது நெடுநாளைய வழக்கமாகிவிட்டது. இசை அவ்வாய்வுகளின் முன்னுரையில் ஒரு பத்தியாக வந்து மறைகின்றது. பின்னணி இசையோ அப்பத்தியிலும் இடம்பெறுவதில்லை. இவ்வழக்கம் தவறு என்பதும், இதனால் தமிழாய்வு இழந்துவருவது சிறிதன்று என்பதும் இக்கட்டுரையாளரின் துணிபு.

சில ஆண்டுகளுக்கு முன், தமிழகத்திற்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் தலைப்புகளை ஏற்கும் குழுவில் இக்கட்டுரையாளரும் அமர நேர்ந்தது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) திரைப்படத்தின் பின்னணி இசையை ஆராய மாணவர் ஒருவர் விரும்பினார். குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் வினவியது ஒன்றே: “இப்படத்தில் பாட்டே இல்லையே, இதில் தமிழ் எங்கே இருக்கிறது?” அவையில் எவரும் மறுத்துரைத்திலர். இக்கட்டுரையாளரும் அன்று வாய்திறக்கவில்லை. அவ்வினாவிற்குரிய விடையை இப்போதேனும் கூறவேண்டியுள்ளது.

சொல்லில்லாதது தமிழாய்வுக்குரியதன்று எனில், முத்தமிழுள் இசைத்தமிழ் என ஒன்றை நம் முன்னோர் ஏன் வகுத்தனர்? சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் இலக்கணத்தையும் தனித்தனியே விரித்துரைக்கின்றது. அவ்வரிசையில் கவிஞன் பலருள் ஒருவன். பரிபாடலின் நிலை இதனினும் தெளிவானது. கிடைத்துள்ள பாடல்களுட் பெரும்பாலானவற்றின் இறுதியில் பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. மருத்துவன் நல்லச்சுதனார் எழுதிய செய்யுள் எது என்று நாம் தேடுவதில்லை. அவர் இசை வகுத்தவர் என்பதாலேயே இலக்கிய வரலாற்றில் நிலைபெற்றுள்ளார். அத்தகைய மரபின் வழிவந்த துறை, தன் காலத்து இசை வகுத்தோரைப் பாடலாசிரியரின் பின்னிணைப்பாகக் கருதுவது எவ்வாறு பொருந்தும்?

இசை உருவாகும் முறை

இப்பாராமுகத்திற்குக் காரணம் வெறுப்பன்று. அறியாமையே எனல் பொருந்தும். பின்னணி இசை எவ்வாறு உருவாகின்றது என்பதை நம்முள் பலர் அறிந்திலர். படப்பிடிப்பும் முதற்கட்டத் தொகுப்பும் முடிந்தபின், இசையமைப்பாளரும் இயக்குநரும் படத்தைப் பார்த்து, எவ்விடத்தில் இசை தொடங்கவேண்டும், எவ்விடத்தில் அடங்கவேண்டும், எவ்விடத்தில் அறவே கூடாது என முடிவு செய்கின்றனர். தமிழ்த் திரைத்துறையினர் ரீ-ரெக்கார்டிங் என வழங்குவது இதன் அடுத்த கட்டம். இளையராஜா ரீலைத் திரையிட்டுப் பார்த்த சிறிது நேரத்திற்குள் ஒவ்வோர் இசைக்கருவிக்கும் உரிய குறிப்பைத் தாளில் எழுதிக் கொடுத்து, உடனே வாசிக்கச் செய்து பதிவு செய்வார் என்பதைப் பலரும் வியந்து பேசுவர். அவ்வியப்போடு நின்றுவிடுவதே நம் குறை. அத்தாள்களில் என்ன இருந்தது என எவரும் கேட்பதில்லை.

35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்குப் 16 சட்டகங்கள். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். ஆகவே ஆயிரம் அடி கொண்ட ரீல் ஏறத்தாழப் பதினொரு நிமிடம் ஓடும். இசை பதிவானபின் படத்தொகுப்பாளர் மூன்றடியை வெட்டினால் இரண்டு நொடி இசை இடம்பெயரும். இரண்டு நொடி என்பது தாளத்தில் ஒரு சுற்றே குலைவதற்குப் போதும். எனவே திரையில் நாம் கேட்பது இசையமைப்பாளர் எழுதியது மட்டுமன்று. தொகுப்பாளர் வெட்டி ஒட்டியதும், ஒலிக்கலவை செய்தவர் வசனத்திற்கு வழிவிட்டுத் தாழ்த்தியதும் சேர்ந்த ஒன்று. இதனை ஒருவரின் தனிமேதைமையாகவே போற்றும் இரசிகர் எழுத்தும், இதனை இசையே அன்று என ஒதுக்கும் கல்வியாளர் மௌனமும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

‘ஹே ராம்’ (2000) இதற்குத் தக்க சான்று. அப்படத்தின் பாடல்கள் முதலில் எல். சுப்பிரமணியத்தின் இசையில் அமைந்து படமாக்கப்பட்டன. பின்னர் இளையராஜா பொறுப்பேற்று, முன்னரே படமாக்கப்பட்ட உதட்டசைவுகளுக்கும் உடலசைவுகளுக்கும் பொருந்துமாறு புதிய மெட்டுகளை அமைத்தார். பின்னணி இசை புடாபெஸ்ட் நகரில் பதிவு செய்யப்பெற்றது. இப்பாடல்களை அச்சிட்ட நூலிலிருந்து எடுத்து ‘சொல்லாட்சி’ ஆராய்வார், அச்சொற்கள் வேறொரு பாட்டின் வாயசைவுக்கு அளந்து வைக்கப்பட்டவை என்பதை அறியாமல் என்ன முடிவுக்கு வருவர்? யாப்பின் கட்டளை ஒருபுறம். வாயசைவின் கட்டளை மற்றொருபுறம். பின்னதை அறியாத யாப்பாய்வு ஊனமுற்றதே.

வங்கத்துச் சான்று ஒன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு (1955) இரவிசங்கர் இசையமைத்தது ஒரே அமர்வில், ஓரிரவில். அவர் முழுப்படத்தையும் பார்த்திருக்கவில்லை. விடுபட்ட ஓரிடத்திற்கு ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவே சிதார் வாசித்தார். மகள் இறந்த செய்தியறியாமல் ஹரிஹர் புடைவையை எடுத்து நீட்ட, சர்வஜயா கதறும் இடத்தில் அவள் குரல் கேட்பதில்லை. அதன் இடத்தில் தார் ஷெனாய் ஒலிக்கின்றது. அவ்வழுகையை எழுதியவர் யார்? வசனம் எழுதியவர் அல்லர். வாசித்தவர் மட்டும் எனவும் கூறவியலாது. நடிகையின் குரலை நீக்கி இசையை அங்கு வைத்த முடிவே அதன் ஆசிரியர். இத்தகைய ஆசிரியத்துவத்தை ஆராயும் கலைச்சொற்கள் நம்மிடம் இன்னும் உருவாகவில்லை.

மறுபயன்பாடு வறுமையா?

பின்னணி இசையை இகழ்வார் கையிலெடுக்கும் மற்றொரு கருவி, ‘ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றனர்’ என்பது. மாணவரின் தலைப்பை மறுத்தவர்களும் பின்னர் இதனைக் கூறினர். ‘வீடு’ படத்தின் இசை அப்படத்திற்கென எழுதப்பட்டதன்று. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) இசைத்தொகுப்பிலிருந்து எடுத்தாளப்பட்டது. ஆகவே அதில் ஆராய ஒன்றுமில்லையாம்.

இவ்வாறு கூறுவோர் க. கைலாசபதியை மறந்துவிட்டனர். 1968இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது வீரநிலைக் கவிதை ஆய்வு, சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைப் புலவரின் சொல்வறுமை எனக் கொள்ளாது, வாய்மொழி மரபின் வாய்பாடுகள் என விளக்கியது. அக்கொள்கையை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். ஆயினும் திரும்ப வருவது என்பதாலேயே ஒரு தொடர் மதிப்பற்றது என இன்று எவரும் எழுதுவதில்லை. அடியும் தொடரும் மீள வந்தால் மரபு. மெட்டு மீள வந்தால் வறுமை. இது எவ்வகை அளவுகோல் என விளங்கவில்லை.

திரையில் ஒரு மெட்டு மீள வரும்போது அது பழைய பொருளைச் சுமந்து வருகின்றது. புதிய இடத்தில் அப்பொருள் திரிகின்றது. ‘பதேர் பாஞ்சாலி’யின் முதன்மை மெட்டு ‘அபராஜிதோ’வில் (1956), தாயும் மகனும் காசியை விட்டு வங்கச் சிற்றூருக்குத் திரும்பும் தொடர்வண்டிப் பயணத்தின்போது ஒலிக்கின்றது. சாளரத்திற்கு வெளியே தெரியும் நிலம் எது என்பதை வசனம் கூறவேண்டிய தேவை ஒழிகின்றது. ‘நாயகன்’ (1987) படத்தில் ஒரே பாட்டின் மெட்டு வேறுவேறு குரல்களிலும் கருவிகளிலும் வந்து, இளமையில் கேட்டதை முதுமையில் நினைவூட்டுகின்றது.

ஒரு படத்திலிருந்து மற்றொரு படத்திற்குச் செல்லும் மெட்டின் கதை இன்னும் சுவையானது. இத்தாலிய இசையமைப்பாளர் நீனோ ரோட்டா, ‘பார்ச்சுனெல்லா’ (1958) படத்தில் நகைச்சுவைத் துள்ளலுடன் அமைத்த மெட்டொன்றை ‘தி காட்பாதர்’ (1972) படத்தில் துயரச் சாயலுடன் மீளப் பயன்படுத்தினார். இது தெரியவந்ததும் ஆஸ்கர் குழு அப்படத்தின் இசைக்கான பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. முதற்படத்தின் மெட்டுகளையும் கொண்டிருந்த இரண்டாம் பாகத்திற்கு (1974) அதே குழு விருதும் வழங்கியது! ‘புதிது’ என்னும் அளவுகோல் திரையிசையில் எத்துணைக் குழப்பமுடையது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. மெட்டு ஒன்றே, ஓரிடத்தில் சிரிப்பு, மற்றோரிடத்தில் சாவு. ‘மௌன ராகம்’ (1986) படத்து மெட்டொன்று ‘சீனி கம்’ (2007) என்னும் இந்திப் படத்தில் இளையராஜாவின் கையாலேயே மறுபிறவி எடுத்ததும், ராய் படங்களின் இசையை வெஸ் ஆண்டர்சன் தம் ‘தி டார்ஜிலிங் லிமிடெட்’ (2007) படத்தில் எடுத்தாண்டதும் இவ்வகையினவே.

‘வீடு’ படத்தையே எடுத்துக்கொள்வோம். கர்நாடக இசையையும் மேலைச் செவ்வியல் இசையையும் ஊடாடவைத்த ஒரு தொகுப்பு, நடுத்தர வாழ்வினள் ஒருத்தி வீடு கட்டப் படும் பாட்டிற்குப் பின்னே ஒலிக்கின்றது. எத்துண்டு எடுக்கப்பட்டது, எங்கு நிறுத்தப்பட்டது, எங்கு இசையின்றிக் கட்டட வேலையின் ஓசை மட்டும் விடப்பட்டது என்பனவே ஆய்வுக்குரியன. எழுதப்பட்ட இசையைக் காட்டிலும் எடுத்தாளப்பட்ட இசையில் தேர்வு மேலும் வெளிப்படையானது.

மறுபயன்பாடு அனைத்தும் போற்றத்தக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்தன்று. தொகுப்பு மேசையில் தற்காலிகமாக வைக்கும் பழைய இசைத்துண்டில் இயக்குநர் மனம் ஒட்டிக்கொள்ள, அதன் நகலையே புதிதாகச் செய்து தருமாறு இசையமைப்பாளரை வற்புறுத்தும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஸ்டான்லி குப்ரிக் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968) படத்திற்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை அறவே கைவிட்டு, முன்னரே வைத்திருந்த செவ்வியல் இசைத்துண்டுகளோடு படத்தை வெளியிட்டார். படம் வென்றது, இசைஞர் தோற்றார். நம் நாட்டில் உரிமைச் சிக்கல் வேறு. தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதச் செய்த இசைக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிடின், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. திரையரங்கிற்கு வெளியே நிகழும் பயன்பாட்டில் இசைஞருக்குப் பங்குண்டு என்னும் திருத்தம் 2012இல்தான் வந்தது. எடுத்தாள்கை எது, களவு எது எனப் பிரித்துக் காட்டும் பணி நீதிமன்றத்திற்கு மட்டும் உரியதன்று. அதற்கு ஆய்வறிவு வேண்டும். அதனைத் தரவேண்டிய துறைகள் உவமைகளை எண்ணிக்கொண்டிருக்கின்றன.

மூலபாடம் எங்கே?

தமிழ்த்துறைக்கு இத்துறையில் தனித்தகுதி உண்டு என்பதே வியப்பு. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காண்பதில் நாம் நூறாண்டுக்கும் மேற்பட்ட பயிற்சி உடையோம். திரையிசையிலும் பாடவேறுபாடு உண்டு. இசைத்தட்டில் உள்ள வடிவம் ஒன்று. படத்தில் வெட்டப்பட்ட வடிவம் மற்றொன்று. மொழிமாற்றுப் படத்திற்கென வசனம் நீக்கி வைக்கப்படும் இசைத்தடம் மூன்றாவது. ஒற்றைத்தட ஒலியுடைய பழம்படத்தைப் பல்தட ஒலிக்கு மாற்றி வெளியிடும்போது பிறப்பது நான்காவது. இவற்றுள் எது மூலம் என்னும் வினாவை எழுப்பவல்லவர் சுவடிப்பதிப்பு அறிந்தவரே. நாமோ அங்காடியில் விற்கும் பாட்டுப் புத்தகத்தை மூலபாடமாகக் கொண்டு முனைவர் பட்டம் வழங்குகின்றோம்.

இதற்கிடையில் மூலங்கள் அழிகின்றன. காந்தநாடாக்கள் ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஒலிப்பதிவுக் கூடங்கள் மூடப்படுகின்றன. வாசித்தோர் முதுமை எய்துகின்றனர். இசைக்குறிப்புத் தாள்கள் பதிவு முடிந்த அன்றே பயனற்றவையாகக் கருதப்பட்டுவிடுகின்றன. பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைநூல்கள் இறந்துபட்டதை அடியார்க்குநல்லார் குறித்திருப்பதை வகுப்புதோறும் வருந்தி உரைக்கின்றோம். பரிபாடலுக்குப் பண்ணின் பெயர் எஞ்சியுள்ளது, இசை எஞ்சவில்லை என ஏங்குகின்றோம். நம் கண்முன் அழிவதற்கு அவ்வருத்தத்தில் சிறுபகுதியேனும் செலவிட்டோமில்லை. மும்பைத் திரையிசைக் கூடங்களில் வாசித்த கலைஞர்களைத் தேடிச்சென்று உரையாடி கிரெகரி பூத் 2008இல் ஒரு நூல் வெளியிட்டார். சென்னைக் கூடங்களின் வயலின், குழல், தபேலாக் கலைஞர்களை அவ்வாறு நேர்கண்டு பதிவு செய்ய எத்துணைத் தமிழ்த்துறைகள் முயன்றன?

அரசுக்கேனும் இவ்வேறுபாடு தெரிந்துள்ளது. 2009ஆம் ஆண்டுக்குரிய தேசியத் திரைப்பட விருதுகளில் பாடலிசைக்கு ஒன்றும் பின்னணி இசைக்கு ஒன்றுமாக விருதுகள் அளிக்கப்பட்டன. பின்னதை மலையாளப் படமான ‘கேரள வர்மா பழசி ராஜா’வுக்காக இளையராஜா பெற்றார்.

‘வீடு’ படத்தை ஆராய விரும்பிய மாணவர் ஈராண்டு கழித்துப் பாடலாசிரியர் ஒருவரின் உவமைநயம் குறித்து ஆய்வேடு அளித்துப் பட்டம் பெற்றார். இசை எந்நொடியில் தொடங்கி எந்நொடியில் அடங்குகிறது, எத்தொகுப்பின் எப்பகுதி எக்காட்சியில் வருகிறது என அவர் படம் முழுவதற்கும் எழுதிவைத்த நாற்பது பக்கக் கையேட்டை அவ்வாய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கவும் நெறியாளர் இசையவில்லை. இப்போது அஃது இக்கட்டுரையாளரிடம் உள்ளது, வேண்டுவோர் பார்வையிடலாம்.