டோக்கியோ ஓரம் ஒரு மலை ஊர்... ஏரிக்கு அடியில் இன்னோர் ஊர்!

டோக்கியோ என்றதும் வானுயர்ந்த கட்டடங்களும், நெரிசலான ரயில்களும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே டோக்கியோ நிர்வாக எல்லைக்குள்தான் 2,017 மீட்டர் உயர குமோட்டோரி மலையும், கரடிகள் உலவும் காடும் இருக்கின்றன என்றால் நம்ப முடிகிறதா?

அந்த இடத்தின் பெயர் ஒகுடாமா. பரப்பளவில் டோக்கியோவின் பத்தில் ஒரு பங்கு. மக்கள்தொகையோ 5,000-க்கும் குறைவு. ஊரின் பெரும்பகுதி காடுதான்.

இரண்டு மணி நேரப் பயணம்

ஷின்ஜுகுவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். ஓமே நிலையத்தில் வண்டி மாற வேண்டும். அதன் பிறகு ஜன்னலில் கட்டடங்கள் குறைந்து, டாமா நதிப் பள்ளத்தாக்கு விரிகிறது. கடைசி நிலையம் ஒகுடாமா. அங்கிருந்து பஸ் ஏறினால் சுமார் 20 நிமிடங்களில் ஒகுடாமா ஏரி.

பச்சை மலைகளுக்கு நடுவே பளபளக்கும் தண்ணீர். பார்ப்பவர்கள் உடனே செல்போனை எடுத்துவிடுவார்கள். ஆனால், இது இயற்கையாக உருவான ஏரி அல்ல.

மூழ்கிய ஊர்

வேகமாக வளர்ந்த டோக்கியோவுக்குத் தண்ணீர் போதவில்லை. டாமா நதியின் குறுக்கே அணை கட்ட 1930-களின் தொடக்கத்தில் முடிவானது. அணைக்காகத் தேர்வான இடம் ஒகோச்சி கிராமம்.

'எப்படியும் ஊரைவிட்டுப் போகப்போகிறோம்' என்ற நிலையில், விவசாயத்திலும் பட்டுப்புழு வளர்ப்பிலும் யாருக்கும் மனம் ஓடவில்லை. ஆனால், ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகளோடு பாசன நீர்த் தகராறு வந்து திட்டம் இழுத்தடித்தது. போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் கிராமத்தினர் கடனில் தவித்தார்கள். அந்தத் தவிப்பை எழுத்தாளர் தட்சுசோ இஷிகாவா 1937-ல் நாவலாகவே எழுதினார்.

1938-ல் வேலை தொடங்கியது. போரால் 1943-ல் நின்றது. 1948-ல் மீண்டும் ஆரம்பித்து, 1957-ல் முடிந்தது. 149 மீட்டர் உயர அணைக்காக 945 குடும்பங்கள் வீட்டை இழந்தன. கட்டுமானத்தில் 87 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கான நினைவுச்சின்னம் அணையருகே இருக்கிறது.

வெளியேறியவர்களில் சிலர் யமனாஷி மாகாணத்தின் கியோசாட்டோவுக்குப் போய், காட்டைத் திருத்திப் புதுவாழ்வைத் தொடங்கினார்கள். மூழ்கிய வெந்நீர் ஊற்றிலிருந்து இன்றும் பம்ப் மூலம் நீரை மேலேற்றி, ஏரிக்கரை விடுதிகளுக்குக் கொடுக்கிறார்கள். ஊர் போனாலும் ஊற்று போகவில்லை!

இன்று டோக்கியோவின் குடிநீரில் பெரும்பங்கு டோனே, அரா நதிகளிலிருந்து வருகிறது. ஆனாலும், அங்கே வறட்சி என்றால் நகரத்துக்குக் கைகொடுப்பது இந்த ஏரிதான்.

வீடு இருக்கு... ஆள் இல்லை!

நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த ஊரிலிருந்து இளைஞர்கள் நகரத்துக்கே போய்விட்டார்கள். ஒரு காலத்தில் 10,000-க்கும் மேல் மக்கள் வாழ்ந்த ஊர் இது. இப்போது பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. குழந்தைகளோடு குடிவரும் இளம் குடும்பங்கள் குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து வசித்தால், வீட்டையே சொந்தமாக்கித் தரும் திட்டத்தை ஊர் நிர்வாகம் கொண்டுவந்தது. சுற்றுலா வருபவர்கள் உள்ளூர்க் கடையில் ஒரு வேளை சாப்பிட்டாலும் அது இந்த ஊருக்கு உதவிதான். குளிர்ந்த ஓடைநீரில் விளையும் வசாபி இங்கே பிரபலம்.

போறவங்க கவனத்துக்கு...

* ஒகுடாமா நிலையத்திலிருந்து ஏரி வரை பழைய சாலை வழியே சுமார் 10 கி.மீ. நடைபாதை உண்டு. நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

* நிப்பாரா சுண்ணாம்புக் குகைக்குள் வருடம் முழுக்க சுமார் 11 டிகிரிதான். கோடையிலும் ஸ்வெட்டர் தேவை.

* இலைகள் சிவக்கும் அழகைப் பார்க்க நவம்பர் ஏற்றது.

* மலையேறுபவர்கள் பையில் மணி கட்டிக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டால் கரடி விலகிப்போகும்.

* பஸ்கள் குறைவு. திரும்பும் நேரத்தை முதலிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.