மகளின் தாய்

பெத்ரோ அல்மோதோவாரின் ‘வோல்வேர்’ (2006) என்னும் ஸ்பானியப் படம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் தொடங்குகிறது. லா மாஞ்சாவின் பேய்க்காற்றில் பெண்கள் கல்லறைகளைத் துடைக்கிறார்கள். ஆடிக்காற்றில் கண்ணைக் கசக்கிக்கொண்டே நடக்கும் திண்டுக்கல்காரர்களான நமக்கு அக்காற்று அந்நியமன்று. மகள் கையால் நேர்ந்த கொலையை மறைக்கிறாள் ராய்முண்டா. இறந்துவிட்டதாக நம்பப்பட்ட அவளுடைய தாயும் திரும்பி வருகிறாள். கான் விழாவின் சிறந்த நடிகை விருதை அப்படத்தின் நடிகையர் அறுவரும் பகிர்ந்துகொண்டனர்.

நம் பக்கத்துத் தேனி மண்ணின் படம் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ (2010). வீராயியாக நடித்த சரண்யா பொன்வண்ணன் தேசிய விருது பெற்றார், தகுதியான விருதுதான். ஆயினும் வீராயியின் உழைப்பும் சினமும் மகன் பொருட்டே. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, தமிழ்த்திரையின் வலிய தாயர் பெரும்பாலும் மகன்களுக்கே தாயர். புறத்திணையின் மூதின்முல்லைத் தாயை எடுத்துக்கொண்டவர்கள், உடன்போக்கில் சென்ற மகளை எண்ணி உருகும் அகத்திணையின் நற்றாயை ஏனோ மறந்தனர்.

நிலக்கோட்டைப் பக்கம் தாயும் மகளும் விடியுமுன்னே சேர்ந்து மல்லிகை பறிக்கிறார்கள். அவர்கள் பேசிக்கொள்வதை நம் இயக்குநர்களில் எத்தனை பேர் நின்று கேட்டிருக்கிறார்கள்?