டாக்டரான பந்தாட்டக்காரர்

தண்ணீர் வராத நாளில் வைகை மணலில் பந்து உதைக்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். இருட்டும் வரையில் அவர்களுக்கு வீட்டு நினைப்பே வராது. இங்கே அம்மா வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நடையாய் நடப்பாள். "பந்து விளையாடினால் சோறு வருமா? நாலு எழுத்துப் படித்தால் அல்லவோ டாக்டராகலாம்!" மதுரையில் இந்த வசனம் கேட்காத தெரு இல்லை. பந்தையும் விடாமல், படிப்பையும் விடாமல் இருந்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்கிறேன்.

பெயர் டாலிமெரன் ஆவ். 1918-ல் நாகா மலைகளில் சாங்கி என்னும் கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் பாதிரியார், வீடு நிறையக் குழந்தைகள். 1935-ல் தகப்பனாரை டைபாய்டு ஜுரம் கொண்டுபோய்விட்டது. மகன் டாக்டராகி ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பையனுக்கு வயது பதினேழு. காலோ பந்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது!

கௌஹாத்தி காட்டன் கல்லூரியில் படித்தார், ஆடினார். பிறகு கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி. 1943-ல் மோகன் பகான் சங்கத்தில் சேர்ந்தார். அது லேசுப்பட்ட சங்கமா? 1911-ல் அநேகமாக எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கோஷ்டியைத் தோற்கடித்த சங்கமாயிற்றே! பகலில் பிணவறையும் பாடப் புத்தகமும், மாலையில் பந்தும். எப்படித்தான் முடிந்ததோ!

1948-ல் லண்டன் ஒலிம்பிக். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் அது. திறப்பு விழாவில் நம் கொடியைப் பிடித்து நடந்தவர் இந்த மருத்துவ மாணவர்தான். கால்பந்துக் கோஷ்டிக்குக் காப்டனும் அவரே. ஜூலை 31-ல் பிரான்ஸோடு பந்தயம். நம்மவர்களில் பெரும்பாலோர் பாதத்தில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். பெங்களூர் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீண்! கடைசி நிமிஷங்களில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2–1 என்று ஜயித்துவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பெனால்டிகள் வயிற்றெரிச்சல்தான்.

ஏன் பூட்ஸ் போடவில்லை என்று நிருபர்கள் கேட்டார்களாம். "நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்" என்றாராம் காப்டன்.

ஆர்சனல் சங்கம் அவரை அங்கேயே இருக்கச் சொல்லி அழைத்தது என்றும் ஒரு பேச்சு உண்டு. நிஜமோ, பொய்யோ, அவர் திரும்பி வந்தார். 1950-ல் எம்.பி.பி.எஸ். பட்டம். சில வருஷங்களில் பந்தை வைத்துவிட்டு, சொந்த மலைக்கே வைத்தியம் செய்யப் போனார். பின்னாளில் நாகாலாந்தின் சுகாதார இலாகாவுக்கே டைரக்டர் ஆனார். 1998 செப்டம்பரில் காலமானார்.

ஒரு விஷயம். டைபாய்டுக்குக் குளோராம்பெனிகால் மருந்து பலிக்கிறது என்று மலாயாவில் கண்டுபிடித்ததும் அந்த 1948-ல்தான். தகப்பனாரைக் கொண்டுபோன ஜுரத்துக்கு, மகன் டாக்டராவதற்குள் மருந்து வந்துவிட்டது.